டிசம்பரில் நாகைக்குப் போகலாமா?

கேள்வி: நாங்கள் பிடோக்கில் இருக்கிறோம். அம்மாவுக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை. 2004 சுனாமியில் அம்மாவின் தங்கை குடும்பத்தில் இரண்டு பேரைப் பறிகொடுத்தோம். இந்த வருடப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை நாகைக்கும் வேளாங்கண்ணிக்கும் கூட்டிப்போக ஆசை. அம்மா ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார். டிசம்பர், 26, பௌர்ணமி மூன்றும் கூடினால் கடல் சும்மா இருக்காது என்பது அவர் கணக்கு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒருவர் 26ஆம் தேதி வந்த நிலநடுக்கங்களைப் பட்டியலே போட்டு அனுப்புகிறார். உயர்நிலை இரண்டில் படிக்கும் மகனோ, "ஏன் எப்பப் பார்த்தாலும் இந்தோனீசியா, ஜப்பான்னே வருது?" என்று கேட்கிறான். சுனாமிக்கு இடம், காலம் என்று ஏதாவது ஒழுங்கு உண்டா? எங்கள் புளோக்கும் இரண்டு மூன்று தடவை ஆடியிருக்கிறது. சிங்கப்பூருக்கு சுனாமி வருமா?
— ஒரு வாசகி, பிடோக்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகன் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். மாமாவின் பட்டியலுக்கு அப்புறம் வருகிறேன்.

சுனாமி எங்கே வரும் என்பதில் நல்ல ஒழுங்கு உண்டு. உலகில் பதிவான சுனாமிகளில் பெரும்பங்கு, முக்கால்வாசி என்றே சொல்லலாம், பசிபிக் கடலின் விளிம்பைச் சுற்றித்தான் வந்திருக்கிறது. சிலி, அலாஸ்கா, ஜப்பான், பிலிப்பீன்ஸ் எல்லாம் அந்த விளிம்பில் இருக்கின்றன. கடலுக்கு அடியில் ஒரு புவித்தட்டு இன்னொன்றுக்குக் கீழே புகும் இடங்கள் அவை. நமக்குப் பக்கத்தில் சுந்தா அகழி அப்படிப்பட்டது. அந்தமான், நிக்கோபார் தீவுகளை ஒட்டி வந்து, சுமத்ராவின் மேற்குக் கரையோடு இறங்கி, ஜாவாவுக்குத் தெற்கே திரும்பிக் கிழக்கே போகிறது.

கீழே போகும் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் நகர்கிறது. ஆனால் இரண்டு தட்டுகளும் உரசும் பரப்பு மழைக்காலத்தில் ஊதிப்போன மரக்கதவு மாதிரி இறுகிக்கொள்ளும். மேலே உள்ள தட்டின் விளிம்பும் சேர்ந்து கீழே இழுபடும். நூற்றாண்டுக் கணக்கில் அப்படி இழுபட்டது ஒரு நாள் விடுபடும்போது கடல்தரை சில மீட்டர் எழும்புகிறது, அதற்கு மேலே நிற்கும் தண்ணீரும் கூடவே எழும்புகிறது. 2004 டிசம்பர் 26 காலை 9.1 அளவு நிலநடுக்கத்தில் சுமத்ராவின் வடமேற்கிலிருந்து அந்தமான் வரை ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இதுதான் நடந்தது.

எல்லாப் பெரிய நிலநடுக்கமும் சுனாமி ஆகிவிடாது என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் ஒன்று வந்தது. இங்கே உயர்ந்த கட்டடங்களில் இருந்தவர்கள்கூட ஆட்டத்தை உணர்ந்தார்கள். ஆனால் அங்கே பாறைகள் பக்கவாட்டில் வழுக்கினவே தவிர மேலே எழும்பவில்லை. அதனால் கடல் பெரிதாகப் பொங்கவில்லை.

இந்த ஒழுங்குக்கு விலக்குகளும் உண்டு. 1998இல் பாப்புவா நியூகினியில் கடலடி மண்சரிவு அலையைப் பெரிதாக்கியது. 2018 டிசம்பரில் சுந்தா நீரிணையில் அனாக் கிரக்கத்தாவ் எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. கரையில் இருந்தவர்களுக்கு முன்னறிவிப்பாக ஒரு நில அதிர்வுகூடக் கிடைக்கவில்லை, நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சுலாவெசியின் பாலு நகரில், பக்கவாட்டில் வழுக்கும் பிளவுதான் என்றாலும், குறுகலான விரிகுடாவுக்குள் சில நிமிடங்களில் அலை வந்துவிட்டது. விலக்குகளில் பலவும் எரிமலையும் அகழியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இந்தோனீசியா மாதிரி நாடுகளில்தான் நடக்கின்றன. ஆக மகன் கவனித்தது சரிதான்.

அப்படியென்றால் பக்கத்தில் அகழியே இல்லாத நாகப்பட்டினம் ஏன் அத்தனை அடி வாங்கியது? இதற்கு விடை தெரிந்தால் உங்கள் அம்மாவின் பயத்துக்கும் ஓரளவு வடிவம் கிடைக்கும். சுனாமி எல்லாத் திசையிலும் சமமாகப் போவதில்லை. பிளவு எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ அதற்குக் குறுக்காகத்தான் அதன் முழு வலுவும் போகும். 2004இல் உடைந்த பகுதி பெரும்பாலும் தெற்கு வடக்காக நீண்டிருந்தது. அதனால் கிழக்கே தாய்லாந்தும், மேற்கே இலங்கையும் தமிழகக் கரையும் நேர்க்கோட்டில் மாட்டிக்கொண்டன. வடக்கே பங்களாதேஷ் கிட்டத்தட்ட தப்பித்துவிட்டது. ஆழ்கடலில் தண்ணீரின் ஆழம் 4,000 மீட்டர் என்றால் அலை மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். இந்திய நேரப்படி காலை ஆறரை மணி வாக்கில் நிலம் நடுங்கியது, ஒன்பது மணி வாக்கில் அலை நாகைக் கரையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணி கடற்கரையில் வெளியூர்க் கூட்டம் வேறு.

இன்னொரு விஷயத்தை ஊருக்குப் போகிற எல்லோருக்கும் சொல்வேன். "கடல் உள்வாங்கினால் ஓடு" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். தாய்லாந்துப் பக்கம் அது பொருந்தியது. நிலநடுக்கத்தில் பிளவுக்குக் கிழக்கே இருந்த கடல்தரை தாழ்ந்ததால் அங்கே முதலில் தண்ணீர் வற்றியது. மேற்குப் பக்கம் தரை எழும்பியது. ஆகவே நம் கரையை நோக்கி முதலில் வந்தது ஏற்றம்தான். சென்னைத் துறைமுகத்தின் அலைமானியிலும் முதலில் நீர்மட்டம் ஏறித்தான் பதிவாகியிருக்கிறது, இறக்கம் அதற்கு அப்புறம். கடல் உள்வாங்கினால் கட்டாயம் ஓட வேண்டும். ஆனால் உள்வாங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நாகையில் நின்றுகொண்டிருக்கக் கூடாது.

சரி, இப்போது மாமாவின் பட்டியல். 26ஆம் தேதிக் கணக்குக்கு வேண்டுமானால் நானே இன்னும் இரண்டு தருகிறேன்: வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் பிறந்து ஜப்பான் வரை போன சுனாமி 1700 ஜனவரி 26, அந்தமான் நிலநடுக்கம் 1941 ஜூன் 26. மாமா இவற்றையும் குழுவில் போடுவார். ஆனால் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 7 அளவைத் தாண்டிய நிலநடுக்கங்கள் உலகில் ஆண்டுக்குச் சராசரியாகப் பதினைந்து வருகின்றன. நூறு ஆண்டுகளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. மாதத்தின் முப்பது தேதிகளுக்குப் பங்கிட்டால் தேதிக்கு ஐம்பது விழும். 26ஆம் தேதிக்கும் ஐம்பது, 11ஆம் தேதிக்கும் ஐம்பது. எந்த எண்ணைச் சொன்னாலும் அதற்கு ஒரு பக்கம் நிறையப் பட்டியல் போட முடியும். மாமாவின் பட்டியலில் அநேகமாக குஜராத்தும் (2001 ஜனவரி 26) ஈரானின் பாமும் (2003 டிசம்பர் 26) இருக்கும். இரண்டும் நிலத்தில் நடந்தவை, சுனாமியோடு அவற்றுக்குச் சம்பந்தமே இல்லை.

டிசம்பர் மாதமா? 1700இல் வந்தது ஜனவரி. 2010 சிலி பிப்ரவரி. 2011 ஜப்பான் மார்ச். 1946இல் அலூஷியன் தீவுகளில் பிறந்து ஹவாயைத் தாக்கியது ஏப்ரல் முதல் தேதி. 1960இல் இதுவரை அளந்ததிலேயே பெரிதான 9.5 அளவு நிலநடுக்கம் சிலியில் வந்து, அதன் அலை ஒரு நாள் கழித்து ஜப்பானில் ஆட்களைக் கொன்றது மே. ஜப்பானின் சன்ரிக்குக் கரையில் இருபதாயிரத்துக்கும் அதிகமானோரைப் பலிகொண்ட 1896 சுனாமி ஜூன். பாப்புவா நியூகினி ஜூலை. 1883 கிரக்கத்தாவ் ஆகஸ்ட். பாலு செப்டம்பர். 2010இல் சுமத்ராவின் மெந்தாவாய் தீவுகள் அக்டோபர். 1755 லிஸ்பன் நவம்பர். 2004 டிசம்பர். ஒரு மாதமும் மிச்சமில்லை. அகழிக்குக் கீழே நடப்பது பல கிலோமீட்டர் ஆழத்துச் சங்கதி. மேலே மழையா வெயிலா என்பது அங்கே எட்டாது.

பௌர்ணமியை மட்டும் நான் அவ்வளவு லேசாகத் தள்ள மாட்டேன். 2004 டிசம்பர் 26 பௌர்ணமிதான். அனாக் கிரக்கத்தாவ் சரிந்த 2018 டிசம்பர் 22ம் பௌர்ணமி. நிலவு கடலை இழுப்பதுபோல நிலத்தையும் கொஞ்சம் இழுக்கிறது. அந்த இழுவிசை கூடியிருக்கும் நாள்களில் சிறு அதிர்வு ஒன்று பெரிய நிலநடுக்கமாக வளர வாய்ப்பு சற்றே கூடலாம் என்று டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் எழுதினார்கள். ஆனால் அந்தச் "சற்றே"வை வைத்து யாரும் பயணத்தை ரத்து செய்ய முடியாது. அமெரிக்க நிலநடுக்கவியலாளர் சூசன் ஹஃப் 8 அளவும் அதற்கு மேலும் உள்ள நிலநடுக்கங்களைத் திரட்டி, ஆண்டின் தேதிக்கோ நிலவின் பிறைக்கோ அவை ஒட்டி வருகின்றனவா என்று பார்த்தார். 2018இல் வெளியான அந்தக் கட்டுரையின் சுருக்கவுரை ஒரே ஒரு சொல்: இல்லை. எங்கள் துறையில் இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலவு வளர்பிறையில் இருந்தது, அரைநிலாகூட ஆகவில்லை. அம்மா சொல்வதில் ஒன்று மட்டும் உண்மை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெருக்கு நேரத்தில் அலை வந்தால் அது இன்னும் கொஞ்சம் உள்ளே ஏறும்.

அப்போது காலத்தில் ஒழுங்கே கிடையாதா என்றால், உண்டு. ஆனால் அது நாள்காட்டியில் அடங்காத நீளம். இந்த விஷயத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் நல்ல தடயங்கள் சில சிங்கப்பூரிலிருந்து போனவர்கள் கண்டெடுத்தவை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புவி கண்காணிப்பகத்தை நிறுவி நடத்திய கெரி சீ, மெந்தாவாய் தீவுகளின் பவளங்களைப் பல ஆண்டுகள் படித்தவர். ஒருவகைப் பவளம் கடல் வற்றும்போது நிற்கும் நீர்மட்டம் வரைதான் மேலே வளரும், அதைத் தாண்டினால் காய்ந்து செத்துவிடும். தீவு தாழ்ந்துகொண்டே வந்தால் பவளமும் மேலே மேலே வளரும். நிலநடுக்கத்தில் தீவு சட்டென்று உயர்ந்தால் பவளத்தின் தலைப்பகுதி செத்து, ஓரம் மட்டும் தாழ்ந்த மட்டத்தில் வளரும். மரத்தில் இருப்பதுபோல் அதிலும் ஆண்டு வளையங்கள் உண்டு. குறுக்கே அறுத்து எண்ணினால் எந்த ஆண்டில் தீவு எவ்வளவு எழும்பியது என்று தெரியும். அப்படிப் பார்த்ததில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை, எழுநூறு ஆண்டுகளாக, அங்கே பெரிய நிலநடுக்கங்கள் கொத்தாக வந்திருக்கின்றன. கடைசிக் கொத்து 1797, 1833. இப்போதைய கொத்து 2007 செப்டம்பரில் 8.4 அளவோடு தொடங்கிவிட்டது, மிச்சம் அடுத்த சில பத்தாண்டுகளில் வரக்கூடும் என்பது அவர்கள் கணிப்பு. அந்தத் தீவுகளுக்கு எதிரே சுமத்ராக் கரையில் இருக்கும் படாங் நகரத்துக்காரர்கள் கவலைப்பட அதில் நியாயம் இருக்கிறது.

சுமத்ராவின் வடமுனையில் இருக்கும் ஆச்சேவில் கிடைத்த தடயம் இதற்கு நேர்மாறான பாடம். பண்டா ஆச்சேக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு சுண்ணாம்புக் குகை. வாசலில் பாறை சற்று உயர்ந்திருப்பதால் சாதாரணப் புயலலை உள்ளே வராது, சுனாமி மட்டும் மணலை அள்ளிக் கொண்டுவந்து போடும். சுனாமி இல்லாத காலத்தில் வௌவால்களின் எச்சம் அதன் மேல் கருப்பாகப் படியும். கடல்மணல், எச்சம், கடல்மணல், எச்சம் என்று வெட்டிப் பார்த்தால் வரி வரியாகத் தெரிகிறது. இன்றைக்கு 7,400 முதல் 2,900 ஆண்டுகளுக்கு முன்பு வரையான காலத்தில் குறைந்தது பதினொரு சுனாமிகள். 2017இல் முடிவுகள் வெளியாயின. சராசரி இடைவெளி 450 ஆண்டு. இந்தச் சராசரியை நம்பி ஒரு காரியமும் செய்ய முடியாது. ஒரு கட்டத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஒன்றுமே இல்லை. இன்னொரு கட்டத்தில் ஒரே நூற்றாண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட சுனாமி. "2004இல் வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது" என்று சொல்பவர்களையும் "அடுத்தது வந்துகொண்டே இருக்கிறது" என்பவர்களையும் அந்தக் குகை ஒன்றுபோலத்தான் நடத்துகிறது.

உங்கள் புளோக் ஆடியதற்கும் சுனாமிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. சுமத்ராவில் நடுங்கும்போது வேகமான அதிர்வுகள் வழியிலேயே அடங்கிவிடும், மெதுவான நீண்ட அதிர்வுகள் மட்டும் இங்கே வந்து சேரும். காலாங், காத்தோங், மரின் பரேட் போன்ற கரையோரப் பகுதிகளில் அடியில் மென்மையான கடற்சேறும் நிரப்பிய நிலமும் உள்ள இடங்களில் அவை பெரிதாகும். உயர்ந்த அடுக்குமாடி அதற்கு இசைந்து ஆடும். பதினைந்தாவது மாடிக்காரர் விளக்கு ஆடுவதைப் பார்த்துக் கீழே இறங்கி வருவார், கீழ்த்தளக் காப்பிக்கடையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

அலைக்கு வருவோம். மேற்கே சுமத்ராவே நமக்குச் சுவராக நிற்கிறது. 2004இல் அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்த அலை, மலாக்கா நீரிணையின் அகன்ற வடக்கு வாயில் இருக்கும் பினாங்கை நிலநடுக்கத்துக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழித்துத் தாக்கி உயிர்களையும் எடுத்தது. தெற்கே வர வர நீரிணை குறுகுகிறது, ஆழம் முப்பது மீட்டருக்கும் கீழே குறைகிறது. அதில் அலை வலுவிழந்து போகும். கிழக்கே தென்சீனக் கடலில் மணிலா அகழி ஒன்று உண்டு. அங்கே மிகப் பெரியது வந்தாலும், ஆழமில்லாத கடலில் மெதுவாக நகர்ந்து நம்மிடம் வந்துசேரப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வானிலை ஆய்வகம் அறிவிக்கும், ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கைக் காலி செய்துவிடுவார்கள். அபாயம் சுத்தமாக இல்லை என்று நான் எழுத மாட்டேன். ஆனால் என் வீட்டுக் கவலைப் பட்டியலில் அது மிகக் கீழே.

உங்கள் பயணத்துக்குத் தேதியைப் பார்க்க வேண்டாம். இரவில் எங்கே தூங்கப்போகிறீர்கள், அங்கிருந்து அகழி எவ்வளவு தூரம் என்று பாருங்கள். மெந்தாவாயிலோ படாங்கிலோ கடற்கரை விடுதி எடுத்தால் அறிவிப்புக்குக் காத்திருக்க நேரம் இருக்காது. நிலம் இருபது முப்பது வினாடி விடாமல் ஆடினால் அதுதான் அறிவிப்பு, உடனே மேடு தேட வேண்டும். நாகையில் நிலைமை வேறு. அந்தமான் பக்கம் வருவது நாகை சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2004இல் அந்த நேரம் வீணானதற்குக் காரணம், சொல்ல ஆளில்லை. இப்போது ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 முதல் இரவும் பகலும் இயங்குகிறது. மெந்தாவாயில் மிச்சமிருப்பது உடைந்தால்கூட அதன் பெரும்பங்கு தென்மேற்கே திறந்த கடலுக்குத்தான் போகும், நாகையை நோக்கி அல்ல. நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: தங்கும் இடத்திலிருந்து மேற்கே, கடலுக்கு எதிர்த்திசையில் போகும் சாலையைப் பகலில் ஒருமுறை நடந்து பாருங்கள். எச்சரிக்கை வந்தால் முதல் அலையோடு முடிந்ததென்று திரும்பாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது அலை பெரிதாக வருவதுண்டு.

அம்மாவிடம் புள்ளிவிவரம் பேச வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தங்கை வீட்டில் இரண்டு பேரைக் கொடுத்தவருக்கு 26ஆம் தேதி நிகழ்தகவுக் கணக்கு கிடையாது. நினைவு நாளில் அவர் அங்கே இருக்க விரும்பினால் கூட்டிப்போங்கள், விரும்பாவிட்டால் வேறு வாரம் பாருங்கள்.

டிசம்பரில் நாகைக்கு உண்மையிலேயே ஒரு பருவ அபாயம் உண்டு, அது புயல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையோடு வங்கக் கடலில் புயல் உருவாகும். கஜா 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது நாகை மாவட்டத்தில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. சுனாமி மாதிரி இல்லாமல் இதைச் சில நாள் முன்பே சொல்லிவிடுவார்கள். ஆகவே தேதியை மாற்றினாலும் பணம் திரும்பக் கிடைக்கிற டிக்கெட்டாகப் போடுங்கள், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். பிள்ளைகளின் விடுமுறை ஒத்துவருமானால் பொங்கலை ஒட்டிப் போவது இன்னும் வசதி. மழை ஓய்ந்திருக்கும், அம்மாவும் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.